கண்டிக் குளத்துக்கு வான் எங்கே?

முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே, வாய்க்கால் கரையில் வீடு கட்டியிருக்கும் தங்கம்மாவைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. விறகுக்கும் பாலைப்பழத்துக்கும் காட்டுக்குள் போகிற பெண்கள் அவளை முன்னுக்கு விட்டுத்தான் போவார்கள். எந்தக் காட்டில் கொண்டுபோய் விட்டாலும், தண்ணீர் இறங்குகிற பக்கத்தைப் பிடித்து நடந்து வீட்டுக்கு வந்துவிடுவாள். யாரிடமும் வழி கேட்டவள் இல்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு.

அவளுடைய தாய் பேச்சியம்மாவுக்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவர் மாயாண்டி, இளையவள் இவள். எழுபத்தேழுக் கலவரத்தில் பேச்சியம்மாவும் புருஷனும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வன்னிக்கு இறங்கியபோது தங்கம்மா இடுப்பில் ஏறி வந்த பிள்ளை. மாயாண்டி அப்போதே கண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு நின்றவர், அங்கேயே நின்றுவிட்டார். பிறகு சண்டை, பாதை பூட்டு என்று காலம் போனது. தாயின் செத்தவீட்டுக்குத்தான் அவர் வந்தார். அன்றைக்குச் சொன்ன கதை ஒன்று தங்கம்மாவின் மனதில் கிடந்தது. "இப்ப எனக்குச் சொந்தக் கடை, தங்கம். வடைக் கடை. ராசா கட்டுன கொளத்துத் தண்ணி நம்ம கடைப் பின்வாசல்லதான் போகுது. மழை பெஞ்சா அடுப்படிக்குள்ளயே வந்துரும்."

அதற்குப் பிறகுதான் பிசகு நடந்தது. மூத்த மகள் சுகந்தினியின் கலியாணத்துக்கு, அறுவடை நேரம் என்று சொல்லி, தங்கம்மா அண்ணனைப் போனில் அழைத்தாள். அவர்களுடைய ஆட்களுக்குள் தாய்மாமனை அப்படி அழைக்கிற வழக்கம் கிடையாது. நேரில் போய், வெற்றிலை பாக்கைக் கையில் கொடுத்துக் கூப்பிட வேண்டும். மாயாண்டி வரவில்லை. மாமன் மாலையைப் பக்கத்து வளவு விமலேஸ்வரியின் புருஷன்தான் போட்டார். அன்றிலிருந்து அண்ணன் போனும் எடுப்பதில்லை.

இப்போது இளையவள் ரஜிதாவின் கலியாணம். அவள் ஒரே பிடியாக நின்றாள். "மாமா மாலை போடாட்டி நான் மணவறையில ஏற மாட்டன், அம்மா. அக்காவுக்குச் செய்தமாதிரி எனக்குச் செய்யாதேங்கோ."

அந்த ஆவணியில் ஊரிலிருந்து கதிர்காமத்துக்கு ஒரு பஸ் போனது. திரும்பும்போது கண்டியில் நிற்கும் என்றார்கள். தங்கம்மா வீட்டு வெற்றிலைக் கொடியில் கொழுந்து பார்த்துப் பிடுங்கி, வாழைமடலில் சுற்றி, ஈரத்துணி போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். துணைக்கு விமலேஸ்வரி. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத்தில் வந்த குடும்பம். நல்ல மனுஷி, ஆனால் வாய் சும்மா இராது.

கண்டியில், புத்தரின் பல் இருக்கிற மாளிகை வாசலில், குளத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தினான் சாரதி பாலன். "மாளிகை பாக்கிறவை பாருங்கோ, சாமான் வாங்கிறவை வாங்குங்கோ. மத்தியானத்துக்கு முன்னம் வந்திடோணும். பொலிஸ் இதில கன நேரம் நிக்க விடாது. வராதவையை விட்டிட்டுப் போயிடுவன்."

"கடை எங்கயெண்டு தெரியுமோ, தங்கம்?" என்று கேட்டாள் விமலேஸ்வரி.

"குளம் இந்தா இருக்கு. குளத்துத் தண்ணி அண்ணன்ர கடைக்குப் பின்னால போகுது. தண்ணி திறந்துவிடுற துருசைக் கண்டால் வாய்க்கால். வாய்க்காலைக் கண்டால் அண்ணன். வாங்கோ அக்கா."

குளத்தோரமாக வெள்ளைச் சுவர், அலை அலையாக வெட்டியது. சுவரோடு றோட்டு. அதைக் கண்டதுமே தங்கம்மா இதுதான் குளக்கட்டு என்று முடிவெடுத்தாள். கட்டில் நடந்தால் துருசு வராமல் எங்கே போகும்? மாளிகையின் கூரையை முதுகுக்குப் பின்னால் விட்டு, தண்ணீரை வலப்பக்கம் வைத்து நடந்தாள். நடுக்குளத்தில் சின்னத் தீவு. பெரிய மரங்களில் நீர்க்காகங்கள் கும்பலாக இருந்து றோட்டையே வெள்ளையாக்கி வைத்திருந்தன. கல்லில் ஒரு கபரக்கொய்யா, பெரிய நீர் உடும்பு, வெயில் காய்ந்தது. மரநிழலில் பிக்குமாரின் பழைய ஓட்டு மடங்கள் வந்தன, போயின. துருசு மட்டும் வரவில்லை.

"என்ர முழங்கால் துருசு இப்ப கழரப்போகுது," என்றாள் விமலேஸ்வரி.

"பெரிய குளமெல்லோ. வரும்."

இன்னும் கொஞ்சத் தூரம் போக, மரங்களுக்கு மேலே ஒரு கூரை எழும்பியது.

"தங்கம், முன்னுக்குத் தெரியிறது இன்னொரு மாளிகையோ?"

"இருக்கும். ராசா எண்டால் ரெண்டு கட்டியிருப்பார்."

"ரெண்டுக்கும் முன்னால எங்கட பஸ்தான் நிக்குதோ?"

பஸ் வாசலில் இருந்து பாலன் கையைத் தட்டினான். "அம்மா, ஒரு சுத்துச் சுத்தியாச்சு! கதிர்காமத்தில வைச்ச நேத்திக்கடனில மிச்சமோ?"

காலைப்பொழுது அரைவாசி போய்விட்டது. தங்கம்மா சுவரில் உட்கார்ந்து மடலைப் பிரித்துப் பார்த்தாள். மேல் வெற்றிலைகளின் விளிம்பு சுருண்டிருந்தது. போத்தல் தண்ணீரைத் தெளித்து மூடினாள்.

"அந்தப் பொலிஸ்காரனிட்ட ஒருக்காக் கேளன்," என்றாள் விமலேஸ்வரி, இம்முறை பரிகாசம் இல்லாமல்.

"என்னெண்டு கேக்கிறது? வடை சுடுற மாயாண்டி எங்கயெண்டோ?"

பதில் சொன்னாளே தவிர, அவள் கண் மலையில் இருந்தது. இந்தப் பக்கம் மலை. அந்தப் பக்கம் மலை. எதிரேயும் மலை. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் மலை இல்லாமல் கடைகளும் சனமுமாய்ப் பட்டணம் கிடந்தது. தங்கம்மா தொடையில் தட்டிக்கொண்டு எழும்பினாள்.

"அக்கா, மூண்டு பக்கத்தாலயும் மலைத்தண்ணி குளத்துக்குள்ள இறங்குது. அதெல்லாம் தண்ணி வந்து சேருற அலைகரை. நான் இவ்வளவு நேரமும் அலைகரையைக் கட்டெண்டு நடந்திருக்கிறன். கட்டு அங்க, பட்டணப் பக்கம். எங்கட ஊரிலயும் சனம் கட்டுக்குக் கீழதானே இருக்கு? குளம் கட்டின ராசா மிஞ்சின தண்ணி வழிய வான் விடாமல் கட்டியிருப்பானோ?"

"உன்னோட வந்தன் பார்," என்று எழும்பினாள் விமலேஸ்வரி.

பட்டணப் பக்கத்து மூலையில், வாகன இரைச்சலுக்கு அடியில், தங்கம்மாவின் காதுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கொங்கிறீற்று மூடிக்குக் கீழே தண்ணீர் விழுகிற சத்தம். பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீர் றோட்டுக்குக் கீழே ஒளித்தது, அந்தப் பக்கம் இரண்டு சுவருக்கு நடுவே கறுத்து வெளிப்பட்டது. பழைய சிறைச்சாலைச் சுவரையும் சந்தை இரைச்சலையும் தாண்டி, கடைகளின் முதுகுப் பக்கமாக அவள் அதோடு நடந்தாள். பின்வாசல் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தாள். ஒரு வாசலில் பாத்திரம் கழுவிய பெண் சிங்களத்தில் ஏசினாள். தங்கம்மா சிரித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள்.

வெள்ளம் ஏறாமல் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் கட்டிய வாசல் ஒன்று வந்தது. உள்ளே எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நரைத்த தலை ஒன்று குனிந்திருந்தது.

"அண்ணே."

மாயாண்டி நிமிர்ந்து பார்த்தார். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "தங்கமா? பின்வாசல்ல என்னா பண்ற? முன்வாசல் மெயின் ரோட்டுல இருக்கு. போர்டு தமிழ்லதான் எழுதிருக்கேன். கொளத்தடியில இருந்து நேரா ஒரே ரோடு."

விமலேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

"போன் பண்ணிருக்கலாமே," என்றார் மாயாண்டி. "அதான் ஒனக்கு நல்லா வருமே."

"போனில வெத்திலை வராது, அண்ணே."

அவர் அடுப்புப் பக்கம் திரும்பினார். சட்டியில் கிடந்த வடைகளைப் பிரட்டிப் போட்டார். தங்கம்மா செங்கலைத் தாண்டி உள்ளே போகாமல் மடலைப் பிரித்து வெற்றிலையைக் கையில் எடுத்து நின்றாள்.

"சுகந்தினிக்கு மாலை போட்டது இந்த அக்கான்ர மனிசன். நல்ல மனிசன். ஆனால் பேச்சியம்மா பெத்தவர் இல்லையே. சின்னவள் ரஜிதாவுக்கு வாற ஐப்பசியில கலியாணம். நீங்கள் போடாட்டி மணவறையில ஏற மாட்டாளாம். நீங்கள் வாங்கிற மட்டும் நான் இதில நிக்கிறன். பஸ் போனால் போகட்டும்."

"ஐயோ, பஸ் போனால் நான் எங்க போறது?" என்றாள் விமலேஸ்வரி.

மாயாண்டி வடைகளை அரித்தெடுத்தார். அடுப்பைத் தணித்தார். சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவி, ஆணியில் தொங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

"வாடிருச்சே புள்ள."

"ராசான்ர குளத்தை ஒரு சுத்துச் சுத்தி வந்த வெத்திலை. வாடாதோ?"

"கொளத்தச் சுத்துனியா? எதுக்கு?"

விமலேஸ்வரி நடந்ததைச் சொல்லச் சொல்ல, மனுஷன் கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். ஒரு வெற்றிலையைக் கிழித்து அங்கேயே வாயில் போட்டு மென்றார். பிறகு வடைப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு, முன்வாசல் றோட்டால் அவர்களைப் பஸ்ஸடிக்குக் கூட்டிவந்தார். உண்மையாகவே நேர் றோட்டுத்தான்.

கலியாணத்துக்கு முதல்நாள் மாயாண்டி வந்து சேர்ந்த கதையையும் சொல்லவேண்டும். முத்தையன்கட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியவர், குளத்தைக் கண்டதும் யாரிடமும் கேட்காமல் கட்டில் ஏறி நடந்திருக்கிறார். குளமென்றால் சுற்றிக்கொண்டு ஊருக்குள்தானே வரும் என்று நினைப்பு. கட்டு முடிந்து காடு வந்தது. சூடான யானை லத்தியும் வந்தது. உழவு இயந்திரக்கார ஜெயந்தன் கண்டு, இழுவைப் பெட்டியில் ஏற்றி, பந்தலடியில் கொண்டுவந்து இறக்கினான். வேட்டியெல்லாம் சேறு. கண்டியில் வாங்கிய மாலைப் பையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

"என்னா கொளம் புள்ள இது? எம்புட்டு நடந்தாலும் சுத்தியே வரமாட்டேங்குது!"

"யானைக்கோ மாலை போடப் போனீங்கள், அண்ணே?" என்று கேட்டபடி பையை வாங்கக் கையை நீட்டினாள் தங்கம்மா. அவர் கொடுக்கவில்லை. மறுநாள் ரஜிதாவின் கழுத்தில் மாலையைப் போட்ட பிறகுதான் அந்தப் பை அவர் கையை விட்டுப் போனது.