வெள்ளவத்தை லொட்ஜில் யாரும் தொடாத மூன்று பெட்டிகள்

போன மாதம் பாஸ்போர்ட் அலுவலாக நானும் மனைவி மாதங்கியும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போனோம். ஏறும்போதுதான் அவளுக்கு மின்னஞ்சல் வந்தது. கொழும்பில் ஒரு கணக்காளர் வேலை. கடைசி நேர்முகத்தைச் சிங்கப்பூர்த் தலைமையகத்தார் மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு வீடியோவில் வைக்கிறார்கள். மகள் பிறந்ததும் வேலையை விட்டவள். எட்டு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் அழைப்பு இது.

விடிய ஆறரைக்கு வெள்ளவத்தையில் இறங்கினோம். கடற்கரைப் பக்க ஒழுங்கையில் லொட்ஜ், மூன்றாம் மாடியில் அறை. சுற்றிவரக் கட்டடங்கள் என்பதால் போனில் சிக்னல் இல்லை. வைபை இருந்தது. பதினொரு மணிக்குப் பரீட்சித்துப் பார்த்தோம். திரையில் மாதங்கியின் முகம் வாய் திறந்தபடியே உறைந்து நின்றது.

கணினி வலையமைப்புகளைப் பராமரிப்பதுதான் என் தொழில். அதனாலேயே, "லீவிலை வந்தும் பெட்டியளோடை மினக்கெடாதேங்கோ" என்று ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தாள். இப்போது அவளே, "போய்ப் பாருங்கோ" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

லொட்ஜில் நான்கு வைபை பெட்டிகள். இரண்டாம் மாடியில் இருப்பது புதிது. மற்ற மூன்றும் பழையவை. முதலாளி ரவி அண்ணை புதியதற்கு 'நியூ' என்றும் பழையவற்றுக்கு 'ஓல்ட்' என்றும் பெயர் வைத்திருந்தார். லொட்ஜே நியூவில் தொங்கியது. அதற்குக் கீழே பிளாஸ்டிக் கதிரை போட்டுக்கூட ஆட்கள் இருந்தார்கள். ஒரே பஸ்ஸில் எல்லோரும் தொங்க, பின்னால் மூன்று பஸ் வெறுமையாக வந்த கதைதான்.

"பழசு எண்டால் ஆர் தம்பி போடுவினம்?" என்றார் அண்ணை.

"பேரை எடுத்துவிடுங்கோ அண்ணை. நாலுக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்ட்."

"பழசிலை விட்டது தெரிஞ்சால் என்னை ஏசுவினம்."

"நீங்கள் சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?"

சிரித்துக்கொண்டே சம்மதித்தார். தூரத்துப் போன்கள் புதியதைப் பிடித்துத் தொங்காதபடி அதன் வீச்சைக் குறைத்தேன். அதில் எத்தனை பேர் ஏறலாம் என்று எல்லை வைத்தேன். பெட்டிகள் ஒன்றையொன்று குழப்பாதபடி அலைவரிசைகளைப் பிரித்தேன். அண்ணை அறை அறையாகப் போய்ப் புதுப் பெயரைச் சொன்னார். "எல்லாம் புதுசு போட்டாச்சோ?" என்று ஒருவர் கேட்க, அண்ணை இருமிச் சமாளித்தார்.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பார்த்தேன்: மாதங்கியின் லப்டொப் ஏறியிருந்தது எங்கள் கதவுக்கு மேலிருந்த பழைய பெட்டியில். ஊருக்கு உபதேசம் செய்த எனக்கே நம்பிக்கை இல்லை.

"என்ன முழுசுறியள்?"

"ஒண்டுமில்லை. நீர் கதையும்."

வெளியே நின்றேன். முக்கால் மணிநேரம் அவள் குரல் ஒருமுறைகூடத் தடைப்படவில்லை. பிறகு விஷயத்தைச் சொன்னேன். "முதலே சொல்லியிருந்தால் நான் பயந்து செத்திருப்பன்" என்றாள்.

நீங்களும் இப்படிப் போவதானால், வைபை புதியதா என்று கேட்காதீர்கள். உங்கள் அறைக்கு எது கிட்ட, அதில் எத்தனை பேர் என்று கேளுங்கள். முக்கியமான அழைப்பு என்றால் மூன்று மணித்தியாலம் முன்பே பரீட்சித்துப் பாருங்கள்.

மறுநாள் கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டுக்கு மட்டக்குளி பஸ்ஸில் போனோம். ஒன்பது கிலோமீட்டர், நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பாதி வழியில் மாதங்கி போனைப் பார்த்தாள், இரண்டு தரம் வாசித்தாள், என்னிடம் நீட்டினாள். பஸ்ஸென்றும் பாராமல் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் கொழும்புக்கு வருகிறோம். வெள்ளவத்தைப் பக்கம் இரண்டு அறை வீடு இருந்தால் கீழே எழுதுங்கள்.