மீன் இல்லாத குளம்

நான் வேலை செய்யும் தனியார் நிறுவனம் ஈரநிலங்களை உண்டாக்கி, அவற்றை ஈடாக விற்கிறது. அதாவது, கமக்காரர்கள் கைவிட்ட தாழ்நிலத்தை வாங்குவோம். மண்ணுக்குள் புதைத்திருக்கும் வடிகுழாய்களை உடைப்போம். நேராக வெட்டப்பட்ட ஓடைக்கு அதன் பழைய வளைவுகளைத் திருப்பிக் கொடுப்போம், குளம் தோண்டுவோம். வேறோர் இடத்தில் ஒரு குளத்தை மூடிக் கட்டடம் எழுப்ப விரும்புகிறவர், தான் அழிக்கப்போவதற்கு ஈடாக, நாங்கள் உண்டாக்கியதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வார். புதிய இடத்தில் உயிர்கள் குடியேறிவிட்டன என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை.

டேனிஷ் நகரமான விபோர்க்குக்கு வெளியே ஒரு சரக்குக் கிடங்கு கட்டுவதற்காக மூடப்படவிருந்த குளத்தில் கொண்டை நீர்ப்பல்லிகள் இருந்தன. பார்வைக்குப் பல்லி, உறவில் தவளைக்குக் கிட்ட. முதுகு கறுப்பு, வயிறு கரும்புள்ளிகளோடு செம்மஞ்சள். வசந்தத்தில் தண்ணீருக்கு வந்து முட்டையிடும், மிச்ச காலத்தைக் கல்லுக்கும் கட்டைக்கும் அடியில் கழிக்கும். பெண் ஒவ்வொரு முட்டையையும் தனித்தனி இலையில் வைத்துப் பின்னங்கால்களால் அந்த இலையை மடித்து மூடும். சுற்றுவட்டாரத்தில் எஞ்சியிருந்த ஒரே கூட்டம் இதுதான். இதை அரைமணி நேரத் தூரத்தில் இருந்த எங்கள் புதுக் குளத்துக்கு மாற்ற வேண்டும்.

குளத்தைச் சுற்றித் தாழ்வான வேலி அடித்து, வேலியோரமாக மண்ணுக்குள் வாளிகளைப் புதைத்தோம். தண்ணீருக்கு வருபவை வேலியோடு நடந்து வாளிக்குள் விழும். காலையில் எடுத்துக்கொண்டுபோய்ப் புதுக் குளத்தில் விடுவோம். ஒரு சனிக்கிழமை அப்பாவும் வந்தார். கோழித் தொழிற்சாலையில் தோள்மூட்டைக் கெடுத்துக்கொண்டு ஓய்வுபெற்றவர், வீட்டில் இருக்கத் தெரியாதவர். காரில் வாளியை மடியில் வைத்து மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.

“தண்ணிப் பல்லியோ? இது சொன்னாப் பலிக்குமோ பிள்ளை?”

“எங்கட முதலாளிக்கு நல்லாப் பலிக்கும்.”

புதுக் குளத்தின் கரையில் குந்தியிருந்து நெடுநேரம் தண்ணீரைப் பார்த்தார்.

“இதுக்குள்ள மீன் ஒண்டும் இல்லையோ?”

“இல்லையப்பா. புதுக் குளம்தானே.”

சப்பாத்து சேற்றில் புதைந்து நான் அதை இழுத்துக்கொண்டிருந்தேன். “பாவம்” என்றார் அப்பா. அவர் என்னைச் சொன்னார் என்று நினைத்தேன்.

அந்தக் கோடையில் புதுக் குளத்தில் மடித்த இலைகள் இருந்தன, செவுள் விரித்த குஞ்சுகள் இருந்தன. பார்த்தேன், எழுதிக் கொடுத்தேன். ஈடு விற்றாயிற்று. இலையுதிர்காலத்தில் பழைய குளத்தைத் தூர்த்து, மேலே கல் பரப்பினார்கள்.

அடுத்த கோடையில் வலையோடு போனேன். வந்தவை: நத்தை, நீர்வண்டு, அழுகிய இலை, சேறு. குஞ்சு ஒன்றுகூட இல்லை. தண்ணீர் பால்தேத்தண்ணி நிறத்துக்குக் கலங்கியிருந்தது. மறுபடி வலையைப் போட்டபோது பொன்மீன் வந்தது. உடம்பு செம்மஞ்சள், வால் மட்டும் வெள்ளை. அந்த வாலை எனக்குத் தெரியும். எங்கள் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் தம்பியின் மீன்தொட்டி இருந்தது. பள்ளிக்கூட நாட்கள் முழுவதும் அந்த வாலைப் பார்த்துக்கொண்டுதான் சோறு தின்றேன். தம்பி டோஸ்ட்ருப்புக்குக் குடிபோனபின் தொட்டி காலியானது. மீனை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் பெரும்பாலும் டேனிஷில் பதில் சொல்கிறவள் நான். அன்று தமிழில் கேட்டேன்.

“அப்பா, தம்பியின்ர மீனுகளை எங்க விட்டனீங்கள்?”

அவர் முகம் மலர்ந்தது. “உன்ர குளத்திலதான். நல்லா நிக்குதுகளோ?”

“நல்லா நிக்குதுகள். அதுதான் பிரச்சினை. முட்டையையும் குஞ்சையும் திண்டு முடிச்சிட்டுதுகள்.”

“மீன் இல்லாட்டி நுளம்பு பெருகுமெல்லே? எங்கட பக்கம் கிணறு வெட்டினா முதல் வேலையா மீன் விடுவம். தண்ணி நல்லதோ நஞ்சோ எண்டு மீன்தானே காட்டும்.” கையை விரித்தார். “நீ அவ்வளவு பாடுபட்டு வெட்டின குளம். வெறுமையாக் கிடந்துது.”

அம்மா அடுப்படியில் இருந்து சொன்னார்: “மகள் குளம் வெட்டுறா, தேப்பன் மீன் வளர்க்கிறார். நல்ல குடும்பத் தொழில்.”

அப்பா என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “அப்ப அந்தப் பல்லியளைத் திருப்பிப் பழைய குளத்தில விடேலாதோ?”

“அது இல்லையப்பா. அதுக்கு மேல இப்ப லொறி நிக்குது.”

அவர் எழுந்துபோய்க் காலித் தொட்டியின் கண்ணாடியைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

முதலாளியிடம் யார் விட்டது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் நல்ல மனிதர். அப்பாவின் பெயர் எதிலும் வர வேண்டாம், வெளியார் விட்ட மீன் என்று எழுது என்றார். அது பொய்யும் இல்லை. விற்ற ஈடு விற்றதுதான், குளத்தைச் சரிசெய்வது நம் பொறுப்பு என்றும் சொன்னார். பிறகு குளத்தை இறைக்கப் பம்ப் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று பேசினோம். வளர்ந்த நீர்ப்பல்லிகள் பல வருடம் வாழும். மீனை முற்றாக எடுத்துவிட்டால் உயிரோடு இருப்பவை மறுபடி வந்து முட்டையிடலாம். எங்களிடம் இருந்தது அந்த ‘லாம்’ மட்டும்தான்.

நீர்ப்பல்லிகள் கரையேறிவிட்ட பிறகு, ஒக்டோபரில் குளத்தை இறைத்தோம். அப்பா தானாகவே வந்தார், அதே வாளியோடு. தண்ணீர் இறங்க இறங்கச் சேறு துடித்தது. அவர் விட்டவை ஒரு கைக்கு அடங்குபவை. இப்போது குளத்தின் அடி முழுவதும் விரல் நீளக் குஞ்சுகள் நெளிந்தன. பொன்மீன் குஞ்சுகள் பிறக்கும்போது கறுப்பு, அதனால்தான் மேலிருந்து தெரியவில்லை.

அவற்றை வேறு நீரில் விடக்கூடாது. தண்ணீர் நிரப்பிய தொட்டியில் கராம்பெண்ணெய் கலந்து அதற்குள் போடுவோம். முதலில் மயங்கும், பிறகு செத்துவிடும். போத்தலைத் திறந்ததும் அப்பா நிமிர்ந்தார்.

“பல்லுக்கு வைக்கிற எண்ணெய் வாசம்.”

“ஓம் அப்பா. அதுதான்.”

“நோகாதோ?”

“நோகாது.”

வெள்ளை வாலைச் சேற்றில் கண்டு அவரே எடுத்தார். வாளியில் விட்டு, தொட்டிவரைக்கும் கொண்டுவந்து, என்னிடம் தந்தார். தன் கையால் ஊற்றவில்லை. வீடு திரும்பும்வரை காருக்குள் கராம்பு மணத்தது.

குளிர்கால மழையில் குளம் நிரம்பித் தெளிந்தது. கரையோரத் தண்ணீரில் சிறு நீலப்பூச் செடி வளர்ந்தது. முட்டையிட ஏற்ற இலை, மெல்லியது, மடிக்க எளிது. இந்த மே மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா என்னோடு வருகிறார். அவர் ஒரு கரை, நான் ஒரு கரை. தண்ணீருக்குள் கைவிட்டு இலை இலையாகத் தடவிப் பார்க்கிறோம். மடிந்திருந்தால் உள்ளே முட்டை இருக்கலாம்.

போன சனிக்கிழமை மறுகரையிலிருந்து கூப்பிட்டார்.

“பிள்ளை, ஓடி வா. இது மடிஞ்சிருக்கு.”

சேற்றுக்குள் விழுந்தெழும்பிப் போனேன். இலையைப் பறிக்காமல் தண்ணீருக்குள்ளேயே வைத்து, இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்திருந்தார். நான் குனிந்து அதை விரித்தேன்.

“என்ன?”

“ஒண்டுமில்லையப்பா. தண்ணி ஆடினதில மடிஞ்சிருக்கு.”

அவர் விரலை எடுத்தார். இலை நிமிர்ந்தது. அவர் அடுத்த இலைக்குப் போனார்.