இருவாச்சிக் கூட்டுக்குப் போன படகு

என் மகளைக் கையோடு ஊருக்குக் கூட்டி வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் அந்தப் பயணத்துக்குக் கிளம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காடு பார்க்கப் போனேன், பறவை பார்க்கப் போனேன் என்று இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்கு அந்த எண்ணமே கிடையாது.

அருப்புக்கோட்டையில் எனக்குப் பாத்திரக்கடை. ஒரே பெண். விலங்கியல் படித்தாள். முடித்ததும் ஏதாவது பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிடுவாள் என்று நான் கணக்குப் போட்டிருக்க, அவள் மேற்கு மலையில் மழைக்காட்டுக்குள் இருவாச்சிப் பறவைகளின் கூடுகளைக் கண்காணிக்கும் வேலைக்குப் போய்விட்டாள். அதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. இந்தப் பங்குனியில் பாளையம்பட்டியில் ஒரு நல்ல இடம் அமைந்தது. தங்கமான குடும்பம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், பெண் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

போனில் சொன்னேன். சண்டை போடுவாள், பதிலுக்கு நாமும் நாலு வார்த்தை பேசுவோம் என்று வரிந்துகட்டிக்கொண்டு இருந்தேன். அவளோ சத்தத்தைக்கூட உயர்த்தவில்லை. "ஒரே ஒரு தடவ இங்கன வந்து பாத்துட்டுச் சொல்லுங்கப்பா. பெறகு நீங்க சொல்றபடி கேக்குறேன்" என்றாள். எனக்கு வெற்றி பெற்ற மாதிரிதான் இருந்தது.

நான், என் மனைவி, என் அக்கா, மூன்று பேரும் சித்திரையில் கிளம்பினோம். அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். அவள் இல்லாமல் எங்கள் வீட்டில் எந்த முடிவும் எடுக்க முடியாது, எடுத்தாலும் நிற்காது. புளியோதரை, முறுக்கு, சீடை எல்லாம் ஏற்றிய பிறகு, இரண்டு கேன் நிறையக் குடிதண்ணீரையும் அக்கா காரில் ஏற்றச் சொன்னாள். அணைக்குப் போகிறவர்கள் யாராவது தண்ணீர் சுமந்துகொண்டு போவார்களா என்று டிரைவர் சிரித்தார். "எங்க போனாலும் தண்ணி நம்ம கையில இருக்கணும்" என்று அக்கா அவர் வாயை அடைத்தாள். நான் என் பங்குக்கு மகளுக்காக ஒரு தூக்குவாளியும் இரண்டு போணியும் புதிதாக எடுத்து வைத்துக்கொண்டேன். கூட்டி வரப் போகிற பெண்ணுக்கு எதற்குப் பாத்திரம் என்று மனைவி கேட்டாள். வெறுங்கையோடு போவது எனக்கு வழக்கமில்லை.

அணைக்கரையில் மகள் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தாள். கறுத்துப்போயிருந்தாள். அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை துணியுறை, அதற்குமேல் மண் அப்பிய பேண்ட். "என்னத்தா இது கோலம்" என்றாள் அக்கா. அவள் சிரித்துக்கொண்டே எங்கள் மூவருக்கும் மிதவைச் சட்டை மாட்டி வார்களை இழுத்து இறுக்கினாள். அவள் தங்கியிருக்கும் முகாம் அணைத் தண்ணீரின் அக்கரையில் இருக்கிறது. படகில் முக்கால் மணி நேரம். படகு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். குறுக்கே மூன்று பலகை போட்ட சின்ன மோட்டார் படகு. ஓட்டுகிறவர் மலைக்காரர், நாற்பது வயதிருக்கும். என் மகளை மேடம் என்று கூப்பிட்டார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பாதித் தூரம் சுகமாகப் போனது. கரையில் ஒரு யானைக் கூட்டம் நின்றதைக் காட்டினாள். நடுவில் குட்டி ஒன்று அம்மாவின் கால்களுக்கிடையில் புகுந்து புகுந்து வந்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் காற்று வந்தது. எங்கள் கண்மாயில் காற்றடித்தால் தண்ணீர் நெளியும், அவ்வளவுதான். இங்கே தண்ணீர் எழுந்து எழுந்து படகின் அடியில் அறைந்தது. ஒவ்வொரு அறைக்கும் என் இடுப்பெலும்பு பலகையில் மோதியது. மனைவி குனிந்து வாந்தி எடுத்தாள்.

பிறகு மழை கொட்டியது.

இந்த இடத்தில் நாங்கள் செய்த காரியத்தை வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க மாட்டான். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது. அதனால் மழை இறங்கியதும் வீட்டில் இருக்கிற அத்தனை பாத்திரமும் முற்றத்துக்கு வந்துவிடும். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, கை தானாகப் போகும். அன்றைக்கும் போனது. மழை இடப்பக்கமிருந்து சாய்ந்து அடித்தது. அக்கா தூக்குவாளியைத் திறந்துகொண்டு இடப்பக்கம் எழுந்தாள். நான் ஒரு போணியோடு எழுந்தேன். வாந்தி எடுத்துக்கொண்டிருந்த என் மனைவிகூட வாயைத் துடைத்துவிட்டு இன்னொரு போணியை நீட்டினாள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நல்ல தண்ணீர், அதன் நடுவில் நின்றுகொண்டு மூன்று பேரும் மழைக்குப் பாத்திரம் பிடித்தோம்.

படகு சாய்ந்தது. இடது விளிம்பு தண்ணீரைத் தொட்டு, ஒரு பெரிய அலை அப்படியே உள்ளே வந்து விழுந்தது.

"உக்காருங்க" என்று ஒரு குரல் கேட்டது. அது என் மகளின் குரல் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது. "அப்பா, பலகையில இல்ல, கீழ. தரையில உக்காருங்க. அத்தை, வலப்பக்கம் வாங்க. அம்மா, அத்தைய பிடிச்சுக்கங்க." என்னை உட்கார் என்று சொன்னவர்கள் என் அப்பாவுக்குப் பிறகு யாருமில்லை. வெள்ளை வேட்டியோடு அந்தத் தண்ணீருக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். படகுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கையால் ஒரு திசையைக் காட்டினாள். அவர் படகின் முகத்தை அலைக்கு நேராகத் திருப்பி வேகத்தைக் குறைத்தார்.

"அள்ளி வெளிய ஊத்துங்கப்பா."

போணியால் அள்ளினேன். நல்ல தண்ணீரை, பருப்பு பூவாக வேகிற தண்ணீரை, போணி போணியாக வெளியே கொட்டினேன். எதிரில் அக்காவும் தூக்குவாளியால் கொட்டிக்கொண்டிருந்தாள். "பாவம்டா தம்பி, பாவம்" என்று அவள் முனகியது தண்ணீரைப் பற்றித்தான். என் மகள் மண்டியிட்டு ஒரு கையால் அவள் அம்மாவை அணைத்தபடி, மறு கையால் நெற்றியில் வழியும் மழையைத் துடைத்துத் துடைத்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பயப்படவில்லை. இருட்டில் மாடியேற என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளை அது. இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நான் கொடுத்ததில்லை, அது மட்டும் நிச்சயம்.

அரை மணி நேரத்தில் மழை விட்டது. ஓர் ஓடை முகத்தில் படகு ஒதுங்கியது. அவளுடைய முகாம் தகரக் கூரை போட்ட ஒற்றை வீடு. வேறு துணி மாற்றிக்கொண்டு புளியோதரையைச் சாப்பிட்டோம். "கூட்டுக்கு ஆண் பறவை வார நேரமாச்சு, நடக்க முடியுமாப்பா?" என்று கேட்டாள். முடியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்தக் காட்டை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் திருச்சுழிப் பக்கம் நிழல் என்பது வேலிக்கருவை போடுகிற ஓட்டை நிழல். இங்கே வெயில் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்க எங்கள் நாலு பேர் கையும் போதாது. காலில் அட்டை ஏறியது. மேலே கறுத்த குரங்கு ஒன்று, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரியோடு, எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு மதிக்காமல் போனது. மகள் முன்னால் நடந்தாள். எந்த வேரில் வழுக்கும், எந்தக் கிளையைப் பிடிக்கலாம் என்று அவள் காலுக்கும் கைக்கும் தெரிந்திருந்தது. நான் கடைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். அவள் அந்தக் காட்டில் அப்படி நடந்தாள்.

ஒரு பெரிய மரத்துக்கு எதிரே, புதருக்குப் பின்னால் எங்களை உட்காரவைத்தாள். உயரத்தில், அடிமரத்தில், ஒரு கீறல் மாதிரி தெரிந்தது. அதுதான் கூடு. உள்ளே பெண் பறவை குஞ்சோடு இருக்கிறதாம், பொந்தின் வாய் அந்தக் கீறலை மட்டும் விட்டு அடைபட்டிருக்கிறதாம். மாதக்கணக்காக வெளியே வராதாம். ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாகத்தான் கொடுக்குமாம்.

"அடப்பாவமே, பொட்டப் பறவைய உள்ள வச்சு யாரு அடைச்சது?" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"யாரும் அடைக்கல அத்தை. அதுவேதான் அடைச்சுக்கிருச்சு. வெளிய வரணும்னு அதுக்குத் தோணுறப்ப அதுவே ஒடச்சுட்டு வரும்."

எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. நோட்டில் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

முதலில் சத்தம்தான் வந்தது. பஸ் கதவு திறக்கும்போது காற்று விடுமே, அது மாதிரி ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. இறக்கையின் சத்தம் என்றாள். மரங்களுக்கு இடையில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக ஒன்று வந்து கூட்டருகே இறங்கியது. மூக்குக்கு மேல் இன்னொரு மூக்கு. சிவந்த கண். தொண்டையிலிருந்து ஒரு அத்திப்பழத்தைக் கக்கி எடுத்து, அலகு நுனியில் பிடித்துக் கீறலுக்குள் நீட்டியது. உள்ளிருந்து இன்னொரு அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. பிறகு இன்னொன்று. அவ்வளவு பெரிய அலகால் அவ்வளவு சின்னப் பழத்தை நசுக்காமல் கொடுத்தது. கண்ணாடி டம்ளரைக் கையாளுகிற பதம். என் மனைவி அழுதாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, என் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. மகள் உதட்டை அசைத்துப் பழங்களை எண்ணி எழுதினாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் நான் கண்டதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

முகாமுக்குத் திரும்பியபோது காற்று அடங்கிவிட்டது, இப்போதே கிளம்பலாம் என்றார் படகுக்காரர். நாங்கள் மூவரும் படகில் ஏறி ஒழுங்காகக் கீழே உட்கார்ந்துகொண்டோம். வீட்டுக்குள் போன மகள் திரும்பி வரும்போது தோளில் ஒரு பெரிய பை. அதன் வாயை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தாள். கையில் சுருட்டிய பாய். இரண்டையும் படகில் வைத்துவிட்டு, ஏறுவதற்காகப் பேண்ட்டை மடித்தாள்.

"என்ன தாயி இது?" என்றேன்.

"துணிமணிப்பா. நோட்டெல்லாம் அடுத்து வாரவங்களுக்கு எழுதி வச்சுட்டேன். நீங்க சொல்றபடி கேக்குறேன்னு சொன்னேன்ல."

முந்தின நாளே கட்டி வைத்திருக்கிறாள். நான் என்ன சொல்வேன் என்று அவளுக்கு முன்பே தெரியும். எங்கள் மனத்தை மாற்ற அவள் கூப்பிடவில்லை. எதை விட்டுவிட்டு வருகிறாள் என்று ஒரே ஒரு தடவை நாங்கள் பார்க்கவேண்டும், அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அக்கா என்னைப் பார்த்தாள்.

நான் இறங்கினேன். பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேடேறினேன். அவள் அறையில் கட்டிலின் மேல் வைத்து அவிழ்க்கப் பார்த்தேன். எத்தனையோ லோடு கட்டி அவிழ்த்த கைக்கு அந்த முடிச்சு வசப்படவில்லை. பல்லால் கடித்து இழுத்துத்தான் அவிழ்த்தேன். பாயைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தவள் வாசலில் நின்றாள்.

"பாளையம்பட்டிக்காரவுகள்ட்ட நான் பேசிக்கிறேன். அவுக தப்பா நெனச்சாலும் சரிதான். நீ இங்கன இரு" என்றேன். "நான் செஞ்சது தப்பு தாயி" என்றும் சொன்னேன். அவள் வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஈர மண் வாசம் அடித்தது. பிறகு சட்டென்று விலகி மணியைப் பார்த்தாள்.

படகு நகர்ந்தபோது கரையில் அவள் இல்லை. வழியனுப்பக்கூட நிற்கவில்லையே என்று அக்கா குறைப்பட்டாள். ஆண் பறவை அடுத்த தடவை பழம் கொண்டுவரும் நேரம் ஆகிவிட்டது என்றும், நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள் என்றும் நான்தான் அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன்.