வழியில் நின்றவள்

எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் என் அக்காவின் மரணச் செய்தி 'லேட் சிஸ்டர் மரியம்மாள்' என்று தொடங்கியது. போட்டவர் மரியாதையாகத்தான் போட்டார். கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு சிரிக்கும் முகம் வந்தது, உடனே அழிக்கப்பட்டது. சிரித்தது யார் என்று எனக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும். அவள் உயிரோடு இருந்தபோதே அங்கே அவளுக்கு 'லேட் மரியம்' என்றுதான் பெயர்.

அக்கா சிங்கப்பூரின் தெம்பனிஸ் பகுதியில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு நாளும் அவள் தாமதமாகப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை, தேக்காவில் ரயிலை விட்டு இறங்கி ஆலயத்துக்கு நடக்கும் அந்தச் சின்னத் தூரத்தைக் கடப்பதற்குத்தான் அவளுக்கு நேரம் போதாது. மருந்துக் கடையில் ஒருவர் தன் வலியை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் விழித்தால் நிற்பாள். வீட்டு வேலைக்கு வந்த பெண் ஒருத்தி பஸ் நிறுத்தத்தில் அழுதுகொண்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். யாரிடமும் மதம் பேசியதில்லை. ஏன் என்று ஒரு முறை கேட்டேன். "பசியோட இருக்கறவன்கிட்டப் போய் ஜெபம் பண்ணலாமான்னு கேட்டா அடிக்க வருவான் லா" என்றாள்.

இரக்கம் எங்கள் சபைக்கும் உண்டு. அதற்கென்று மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கியிருக்கிறோம். ஒரே நிறத்தில் டீ-சட்டை போட்டுக்கொண்டு ஜூரோங் பக்கம் தொழிலாளர் விடுதிக்குப் போய், பிஸ்கட் கொடுத்து, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவோம். துன்பம் அன்றைக்கு வந்தால் ஊழியம். வேறு கிழமையில் வந்தால் இடைஞ்சல்.

அக்காவுக்குத் தனக்கென்று இருந்தது பாடகர் குழு ஒன்றுதான். அவளுடையது கீழ்க்குரல், ஆல்டோ. கிளினிக்கில் பல்லைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு நடுவிலும் உதடு அசையாமல் முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். போன வருடம் குழுத் தலைவர் ஞானசேகரன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். குருத்தோலை ஞாயிறன்றும் தாமதமானால் ஈஸ்டருக்குப் பாட முடியாது, அதற்குப் பிறகு குழுவிலும் இடமில்லை என்றார். அக்கா பயந்துபோனாள். அந்த ஞாயிறு வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே கிளம்பினாள்.

தேக்கா சந்தைக்கு வெளியே, நடைபாதை ஓரத்தில், ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் சப்பாத்து. மறு காலில் அது நுழையாமல் துண்டைச் சுற்றியிருந்தான். பெயர் வெங்கட், கப்பல் பட்டறைத் தொழிலாளி. முந்தின நாள் பாதத்தின் மேல் இரும்புக் குழாய் விழுந்திருக்கிறது. மேற்பார்வையாளர் வலி மாத்திரை கொடுத்து, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். தைலம் வாங்க வந்தவன் அதற்கு மேல் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டான்.

ஆலயத்தில் குருத்தோலை கொடுத்துக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து எனக்கு போன் வந்தது.

"அனி, ஞானசேகரன் அண்ணன்கிட்டச் சொல்லிடு. நான் ஆஸ்பத்திரில இருக்கேன்."

"உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. பாட்டுதான் போச்சு." வெங்கட்டின் காலையும் அவன் பயத்தையும் பற்றி மளமளவென்று சொன்னாள். "இவனை அங்கயே விட்டுட்டு வந்தா மட்டும் பாட முடியுமா? தொண்டையிலயே நிக்கும்."

நான் ஞானசேகரனிடம் போய்ச் சொன்னேன்.

"ஆம்புலன்சுக்கு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே" என்றார்.

"ஆம்புலன்ஸைப் பார்த்தாலே அந்தப் பையன் ஏற மாட்டேன்னு அடம்பிடிச்சிருப்பான் அண்ணே. கம்பெனிக்குத் தெரிஞ்சிடுமேன்னு பயம்."

"இத்தனை பேர் நேரத்துக்கு வந்து நிக்கிறாங்க. ஒருத்தருக்காக எல்லாரையும் விட முடியுமாம்மா?"

தொலைந்த ஒரே ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனின் கதை உள்ள வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறோம் என்று அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் நடந்ததை வெங்கட் பின்னால் எனக்கு நடித்தே காட்டினான். மேற்பார்வையாளர் போனில் கத்தினாராம்: "யாரைக் கேட்டுடா ஆஸ்பத்திரிக்குப் போன?"

அக்கா போனை வாங்கிக்கொண்டாள். "தன் காலைத்தான் கேட்டார். அது போன்னு சொல்லிச்சு."

"நீங்க யாருங்க?"

"அக்கா."

"சிங்கப்பூர்ல அவனுக்கு ஏது அக்கா?"

"இன்னைக்குக் காலையிலதான் ஆனேன். எக்ஸ்ரே எடுக்காம நாங்க நகர மாட்டோம். நீங்களும் வாங்க, பக்கத்துல சீட் காலியாத்தான் இருக்கு."

பாதத்தில் இரண்டு எலும்புகள் உடைந்திருந்தன. அந்தக் காலோடு திங்கட்கிழமை ஏணி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதை வெங்கட் நடிக்கவில்லை.

ஈஸ்டர் அன்று அக்கா என் பக்கத்தில், சபையாரோடு உட்கார்ந்தாள். எல்லாரும் மேல்குரலில் பாட, அவள் மட்டும் தன் கீழ்க்குரலில் மெதுவாகப் பாடினாள். முன்வரிசைப் பெண்மணி திரும்பிப் பார்த்ததும் அதையும் நிறுத்திவிட்டாள். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் பல முறை கேட்டேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்றார் ஞானசேகரன். இந்த வருடம் பிப்ரவரியில், கிளினிக்கிலேயே, மூளையில் ரத்தம் கசிந்து அக்கா சாய்ந்தாள். பிறகு கண் திறக்கவில்லை.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இறுதி ஆராதனை நடந்தது. குழு முழுவதும் வந்திருந்தது. ஞானசேகரன் எழுந்து, "எங்கள் பாடகர் குழுவின் தூண்" என்று ஆரம்பித்தார். காலொடிந்த தொழிலாளியின் கதையை, அதுவும் கண்ணீரோடு, எங்கள் சபையின் சாட்சியாகச் சொன்னார். அந்தத் தொழிலாளி, கம்பெனிச் சட்டையோடு, கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பேசி முடித்ததும் ஞானசேகரன் என்னிடம் வந்தார். கையில் குழுவின் நீல அங்கி.

"இதைச் சிஸ்டர் மேல போர்த்திடலாம்மா. எப்பவும் அவங்க எங்க ஆளுதான்."

"வேண்டாம் அண்ணே."

"மரியாதைக்குத்தானேம்மா."

"அவ பாட முடிஞ்சப்ப நான் கேட்டேன், நீங்க குடுக்கல. இனிமே அவ யாரையும் காக்க வைக்க மாட்டா. அதனால தர்றீங்க."

"சாவு வீட்ல இப்படியா பேசறது?"

"அவளுக்காக எல்லாரும் வந்தது சாவு வீட்டுக்குத்தானே அண்ணே."

அவர் அங்கியை நான்காக மடித்து எடுத்துக்கொண்டார். ஞாயிறுகளில் உடுத்தும் பருத்திச் சேலையோடு அக்கா கிடந்தாள். பெட்டியை மூடும்போது குழு பாடியது. கீழ்க்குரலில் ஆள் போதவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது. அவர்களுக்கும் கேட்டிருக்க வேண்டும்.