அம்மா சொல்லாத பெயர்

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்ல மாட்டாள். ஊரில் இருந்தவரை அது ஒரு விஷயமே இல்லை. அப்பாவுக்கு ஓட்டலில் சமையல் வேலை கிடைத்து டெக்ஸாஸில் கேட்டி என்ற ஊருக்கு வந்த பிறகுதான் தொல்லையாயிற்று. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போயிருந்தோம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் அப்பாவின் பெயரைக் கேட்டாள். "சொல்லுடா" என்று அம்மா என் விலாவில் இடித்தாள். காய்ச்சல் எரிச்சலில் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா ஆறு விரல்களை நீட்டி, பிறகு தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள். ஆறுமுகம் என்பதை எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பெண் ரொம்பக் கரிசனமாக, "ஆறு நாளா முகத்துல வலியா?" என்று கேட்டாள்.

எட்டாம் வகுப்பில் இந்த வித்தைதான் எனக்குக் கைகொடுத்தது.

அந்த வருஷம் பள்ளியில் ஒரு பழைய அமெரிக்க நாவலைப் பாடமாக வைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் நாவல் என்று ஒன்றைப் புரட்டிய முதல் ஆள் நான்தான். அடிமையாக இருந்த ஒரு கறுப்பர் தப்பித்து ஓடுகிறார். ஒரு வெள்ளைக்காரப் பையன் அவரோடு தெப்பத்தில் ஆற்றோடு போகிறான். அவரைக் காட்டிக்கொடுக்காவிட்டால் பாவம் என்றுதான் அவனுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இருந்தும் அவன் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் அந்த வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. என்னோடு படித்த மார்கஸின் அம்மா பள்ளிக்கே வந்து, இந்தப் புத்தகம் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். இது அடிமைத்தனத்தைச் சாடுகிற புத்தகம், உள்ளதை உள்ளபடிதான் படிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். இருவர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது. அதுதான் கஷ்டம்.

மார்கஸ் எங்கள் வகுப்பில் ஒரே கறுப்பினப் பையன். என் புளிச்சோற்று வாசனைக்கு முகம் சுளிக்காமல் மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரே பையனும் அவன்தான்.

வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்க வேண்டும். என் முறைக்கு எது வரும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்தேன். அந்த வார்த்தை அதில் இருந்தது. எனக்கு முன்னால் மார்கஸின் பிடரி மரம் மாதிரி விறைத்திருந்தது. சொன்னால் இனி மதியம் தனியாகத்தான் சாப்பிட வேண்டும் என்று தோன்றியது. என் முறை வந்தது. வார்த்தை நெருங்கியதும் அம்மா செய்வதைச் செய்தேன். அதைத் தொடாமல் 'அந்த மனிதர்' என்று சுற்றிக்கொண்டு போனேன்.

டீச்சர் நிமிர்ந்தார். "புத்தகத்துல இருக்கறதைப் படி."

"மேம், எங்க வீட்ல சிலதை வாயால சொல்ல மாட்டோம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார், மார்கஸைப் பார்த்தார். பிறகு, "சரி, மேலே படி" என்றார். எனக்குப் பின்னால் இருந்தவனும் 'அந்த மனிதர்' என்றே வாசித்தான்.

மதியம் மார்கஸ் தன் தட்டோடு என் எதிரே வந்து உட்கார்ந்தான். "உங்கம்மாவுக்கு அந்த வார்த்தை பிடிக்காதா?"

"அவங்களுக்கு அந்த வார்த்தையே தெரியாது. அவங்க சொல்லாதது எங்கப்பா பேரைத்தான்."

"ஏன், அவர் மேல அவ்ளோ கோபமா?"

இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

சாயங்காலம் அப்பாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். ஓட்டலில் நின்றே வேலை செய்த காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர், "அந்தப் புஸ்தகத்துல அந்த ஆளுக்குன்னு ஒரு பேரு இல்லையாடா?" என்றார்.

"இருக்குப்பா."

"அப்போ பேரைச் சொல்லியே படிச்சிருக்கலாம்ல. என்ன பேரு?"

சொன்னேன். அப்பா அதை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "என்னங்க, காப்பி" என்று அம்மா உள்ளிருந்து கூப்பிட்டாள். அப்பா என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார்.

அப்பாவின் பெயரைச் சொல்லாதவள் அம்மா மட்டும்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் மேலத்தெருக்காரர்களும் சொன்னதில்லை. அவரைக் கூப்பிட அவர்களுக்கு எங்கள் சாதிப் பெயரே போதுமானதாக இருந்தது.