அண்ணி வீட்டு விலை

இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு வேலை, விலை கேட்பது. வாங்குவது கிடையாது, கேட்பதோடு சரி. புள்ளிவிவர அலுவலகத்தின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவாள். கடைக்காரர்கள் அவளைக் கண்டதும், "வந்துட்டாங்கப்பா, வாங்காத வாடிக்கை" என்பார்கள். அலுவலகத்தின் மற்றவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து உத்தேசமாக ஒரு விலையைப் போட்டுவிட்டுப் போவதுண்டு. அவள் கால் வீங்கினாலும் நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதுவாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குத் தராசம்மா என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

அந்த வருடம் வந்தது நாட்டுக்கு நாடு வருமானத்தை ஒப்பிடும் பெரிய கணக்கெடுப்பு. பயிற்சி வகுப்பில் மேலாளர் உற்சாகமாகப் பேசினார். "வெளிநாட்டுக் காசுக்கு மாத்திப் பார்த்தா நம்ம வருமானம் கடைசி பெஞ்சு. அது மட்டுமே கணக்கில்ல. ஒரே மாதிரி சாமான், ஒரே மாதிரி வேலை, அங்க என்ன விலை, இங்க என்ன விலைன்னு பார்க்கணும். அங்க ஒருத்தர் முடி வெட்டிக்கிற காசுல இங்க எட்டு பேர் வெட்டிக்கலாம். அப்போ நம்ம காசுக்கு இங்க வாங்குற சக்தி ஜாஸ்தி. இதுக்குப் பேருதான் வாங்கும் திறன் சமநிலை. போன தடவை இந்தக் கணக்குல நாம ரெண்டு படி மேல ஏறிட்டோம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். தராசம்மாவும் தட்டினாள்.

அவள் பங்குக்கு வந்த பட்டியலில் ஒரு வரி: வீட்டு வேலை, ஒரு மணி நேரம். பத்து வீடு ஏறி விசாரிக்க வேண்டும். முதல் வீட்டில் அறுபது என்றார்கள். இரண்டாவதிலும் அறுபது. மூன்றாவது வீட்டு அம்மாள், "அறுபத்தஞ்சு கொடுத்தும் முகத்தைத் தூக்கி வச்சுக்கறா" என்று அலுத்துக்கொண்டாள். ஐந்தாவது வீட்டுப் படியில் தராசம்மா ஏறாமல் நின்றுவிட்டாள்.

அவள் வீட்டில் கொடுப்பது முப்பத்தைந்து.

வேலை செய்வது வேறு யாருமில்லை, கணவரின் ஒன்றுவிட்ட தங்கை. புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு நின்றபோது, "நம்ம வீட்டுக்கே வேலைக்கு வாம்மா" என்று இவள்தான் அழைத்தாள். ஆறு வருடத்துக்கு முன் பேசிய கூலி. சொந்தக்காரி என்பதால் அவளும் ஏற்றிக் கேட்கவில்லை, சொந்தக்காரி என்பதால் இவளும் ஏற்றித் தரவில்லை. ஊரில் சோப்பு எப்போது எத்தனை காசு ஏறியது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்பவள், தன் வீட்டுக்குள் ஒரு விலை ஆறு வருடமாக அசையாமல் நின்றதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லையா, பார்க்க வேண்டாமென்று இருந்தாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. அதுதான் அவளை அதிகம் உறுத்தியது. இங்கே கூலி மலிவு என்பதால் நாடு ஏறிய அந்த இரண்டு படியைப் பற்றி நினைக்கக்கூட அவளுக்குக் கூசியது. நாத்தனார் முதுகில் கால் வைத்துத்தானே ஏறியிருக்கிறோம்!

அன்றே ஏற்றிக் கொடுத்திருக்கலாம். ஒண்ணாம் தேதியிலிருந்து கொடுப்போம் என்று நினைத்தாள். ஒண்ணாம் தேதி கேஸ் அடுப்பு பழுதானது. அடுத்த மாதம் என்றாள். மனசாட்சிக்குத் தவணை சொல்வதில் நாமெல்லாம் கெட்டிக்காரர்கள்.

இதற்கிடையில் மறுபரிசோதனை வந்தது. கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குச் சில கதவு எண்களைப் பொறுக்கும். வேறொரு அலுவலர் போய் விசாரித்து எழுதிய தாள்களைத் தராசம்மா சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான்காவது தாளில் அவள் வீட்டு முகவரியே இருந்தது. அவள் இல்லாத நேரத்தில் போயிருக்கிறார். பதில் சொன்னவர்: வீட்டு வேலை செய்பவர். ஒரு மணி நேரக் கூலி: அறுபது.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் மானத்தைக் காப்பாற்ற இந்தப் பெண் பொய் சொல்லியிருக்கிறாளே! கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுத் தராசம்மா என்று பெயர் வைத்துக்கொள்ள முடியாது. தாளை எடுத்துக்கொண்டு எழுத்தரின் மேசைக்குப் போனாள். நாலு பேர் பார்க்க அறுபதை அடித்து முப்பத்தைந்து என்று எழுதினாள். "இது என் வீடுங்க. நான் கொடுக்கறது இதுதான்" என்று சத்தமாகவே சொன்னாள். தாள் எழுதிய அலுவலர் தலையைச் சொறிந்தார். யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் சமையலறையில் நாத்தனார் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தராசம்மா நேரே போய் அவள் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மாசத்துலேருந்து அறுபது. ஆறு வருஷ பாக்கியையும் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துடறேன். என்னை மன்னிச்சிடும்மா. எனக்காக நீ பொய்யெல்லாம் சொல்லணுமா? ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லிட்டேன். அந்தத் தாளை அடிச்சு, முப்பத்தஞ்சுன்னு எழுதிட்டேன்."

நாத்தனார் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"எழுதிட்டீங்களா அண்ணி?"

"ஆமாம்மா."

"விசாரிக்க வந்தவரு என் பெரியவனோட படிக்கிற பையனுக்கு அப்பா. தெரியுமா உங்களுக்கு?"

தராசம்மாவுக்குத் தெரியாது.

"உங்களுக்காக நான் பொய் சொல்லல அண்ணி. முப்பத்தஞ்சுக்கு வேலை செய்யறேன்னு அவர்கிட்ட சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."