மல்லிகா அக்காவின் பெப்பரோமியா

செவ்வாய்க்கிழமை காலை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தபோதுதான் மல்லிகா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தது. நம் வேங்கிக்கால் அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர். அவருடைய சிறுநீரகம் பழுதானது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பேனாவை மூட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தனியாக இருந்த அவருக்கு ஒரு பூனை துணை. அவர் பிறந்தநாளுக்கு நான் மணிபிளான்ட் வாங்கிக் கொடுத்தேன். பூனை அதைக் கடித்து, வாய் வீங்கி, இரண்டு நாள் எச்சில் ஒழுகக் கிடந்தது. அக்கா தொட்டியை என் மேசையில் திருப்பி வைத்தார். "பூனை இருக்குன்னு தெரியும்ல? ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு வாங்கக் கூடாதா?" என்றார். மறுவாரமே, பூனை மென்றாலும் கெடுதல் செய்யாத பெப்பரோமியா செடியைத் தேடி வாங்கினார். தடித்த, பளபளக்கும் இலைகள். நேர் வெயில் படாத ஜன்னலோரம் வைத்து, மண்ணில் விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுவார்.

டயாலிசிஸ் தொடங்கிய பின் அக்காவுக்கே ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அனுமதி. "ஜாஸ்தியானா எனக்குக் கால் வீங்குது, அதுக்கு வேர் அழுகுது. ரெண்டு பேருக்கும் ஒரே பத்தியம்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

கடைசியாக அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது பூனையும் செடியும் என் பொறுப்பு. நான் அவசரக்குடுக்கை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பாசம் காட்டுவதாக நினைத்துக்கொண்டு தினமும் தண்ணீர் ஊற்றினேன். பத்தே நாளில் தண்டு கூழாகிவிட்டது.

திங்கள் மாலை ஆஸ்பத்திரியில் அக்காவிடம் அதை மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. உதடெல்லாம் வெடித்திருந்தது.

"வேணாங்கிறதுக்கு ஊத்தின. எனக்கு ஒரு வாய் குடேன்" என்றார்.

அன்றைய அளவு முடிந்திருந்தது. ஒரு முறை தப்புச் செய்தவள் மறுபடி செய்யக் கூடாது என்று உறுதியாக மறுத்தேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் உடலை வாங்கப் போனபோது டாக்டரிடம் இதைச் சொல்லி அழுதேன். "ஒரு வாய் குடுத்திருக்கலாம்மா. அவங்க இருந்த நெலமைக்கு அது ஒண்ணும் பண்ணியிருக்காது" என்றார்.

பூனை இப்போது என் வீட்டில். அழுகாமல் தப்பிய இரண்டு இலைகளை மணலில் நட்டிருக்கிறேன். வேர் விடுமா, தெரியாது. ஆனால் அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அவர் கேட்ட அந்த ஒரு வாய்த் தண்ணீர்தான். அதை வாங்கிக்கொள்ள இனி ஆள் இல்லை.